தற்செயலாக ஒரு மதியச் சாப்பாடு

அம்மாவைக் கொண்டுபோய் மேசையின் அந்தக் கோடியில் உட்கார வைத்துவிட்டார்கள். நிறைமதிக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. நடுவில் தான், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அந்த ஆள், யார் என்ன பேசினாலும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும், ஏதாவது கோளாறாகிவிட்டால் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாவது பேச்சை மாற்றிவிடலாம் என்றெல்லாம் பல நாளாக யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் போச்சு. ஓட்டல்காரி செலின், அவளை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், வாசலிலேயே நின்றுகொண்டு வருகிறவர்களைப் பிரித்துப் பிரித்து நாற்காலி காட்டினாள். "தெரிஞ்சவங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்தா வீட்ல பேசினதையேதான் இங்கயும் பேசுவீங்க. எங்க அப்பா பிரான்ஸ் பட்டாளத்துல இருந்தவரு. அவரு மேசைல புருஷன் பொண்டாட்டியைக்கூடச் சேத்து உக்கார விட மாட்டாரு." அம்மா சிரித்தாள். "இது நல்ல ஏற்பாடா இருக்கே" என்றாள். பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது தூங்கி வழிந்த அம்மா, இங்கே வந்ததும் முழித்துக்கொண்டுவிட்டாள். நிறைமதிக்குக் கிடைத்த நாற்காலிக்கு வலப்பக்கம் ஒரு சட்டைக் கை. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிற வெள்ளைச் சட்டை. அதற்குமேல் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. விரல்களை மட்டும் பார்த்தாள். நகத்தோரம் சோப்புக்குப் போகாத கறுப்பு. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர் கை அப்படித்தான் இருக்கும். தயாளன். திண்டிவனம். மனைவி இறந்து நாலைந்து வருஷம். போட்டோவில் இருந்ததைவிட முடி குறைவு. போட்டோவில் இருந்ததைவிட எல்லாமே குறைவு, பயம் மட்டும் ஜாஸ்தி, டம்ளரை எடுத்தவர் குடிக்காமலே வைத்துவிட்டார்.

இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது இவள்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு, ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள், தங்காதவர்களும் சொல்லி வைத்துவிட்டு மதியம் சாப்பிடலாம், ஒரே மேசை, எல்லோரும் சேர்ந்து. ஒரே மேசை என்பதைப் படித்ததும் மண்டைக்குள் பளிச்சென்றது. தனியாக ஒரு ஓட்டலில் எதிரெதிரே உட்கார வைத்தால் அம்மாவுக்கு உடனே தெரிந்துவிடும். இங்கே என்றால் முன்பின் தெரியாதவர்கள் பத்துப் பேர், அதில் ஒரு ஆள். தற்செயலாக. பெரியவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதானே? சித்தியைப் பெண் பார்த்தது அப்படித்தான். கோயிலுக்குப் போகிற மாதிரி கூட்டிப் போனார்கள், அங்கே தற்செயலாக மாப்பிள்ளை வீட்டார் சுற்றிக்கொண்டிருந்தார்கள், பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் அவமானம் இல்லாமல் அவரவர் பாட்டுக்குப் போய்விடலாம். சித்திக்கு மட்டும் சொல்லவில்லை. சித்தி அன்றைக்குப் பிரசாத வரிசையில் ஒருத்தியோடு வாய்ச்சண்டை போட்டாள், அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் சித்தப்பா சரி என்று சொன்னாராம். ஆக, சொல்லாமல் கூட்டி வருவது ஒன்றும் கொலைக்குத்தம் இல்லை. இல்லைதானே? ஆனால் சித்தியைக் கூட்டிப் போனது அவளைப் பெற்றவர்கள். இங்கே பெற்றவளைக் கூட்டி வந்திருப்பது பெண். இது தெரிந்தால் அம்மா என்ன செய்வாள்? அடிக்க மாட்டாள். அதுதான் பிரச்சினை. அம்மாவுக்கு அடித்தே பழக்கமில்லை. பேசாமல் இருப்பாள், இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போவாள், அப்பா இறந்துபோன வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தாள், நிறைமதிக்கு அப்போது எட்டு வயது, இட்லியைப் பார்த்தாலே அழுகை வரும்.

வீடு என்று சொல்கிறார்கள், வீட்டில் ஒன்றுமே இல்லை. சுவரில் ஒரு படம் கிடையாது, காலண்டர் கிடையாது, கடிகாரம் கிடையாது. வெள்ளை. மேலே உத்தரம், கீழே சிவப்புத் தரை, நடுவில் இந்த மேசை, அவ்வளவுதான். வெறும் சுவருக்கு இவ்வளவு பேர் ஊர்விட்டு ஊர் வருகிறார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "குடி வர்றதுக்கு முன்னாடி நம்ம வீடும் இப்படித்தாண்டி இருந்துச்சு" என்றாள். நிறைமதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணை வைக்க ஒரு இடம் இல்லாத வீட்டில் கண் மனிதர்களிடம்தான் போகும். எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும், ஆளுக்கொரு மூலையில் பிரிக்கப்பட்டு, ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். நிறைமதிக்கு எதிரே கோயம்புத்தூர் அம்மாள் ஒருத்தி, அவள் புருஷனை அங்கே அம்மா பக்கத்தில் போட்டுவிட்டார்கள், வந்து உட்கார்ந்ததிலிருந்து எல்லோர் ஊரையும் பேரையும் கேட்டு முடித்துவிட்டாள். "உன்ற பேர் என்ன கண்ணு? நிறைமதியா? அட, நல்லாருக்குதே. இவிய யாரு, அப்பாவா?" என்று தயாளனைக் காட்டிக் கேட்டாள். நிறைமதிக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. "இல்ல, யாருன்னே தெரியாது" என்றாள், கத்திவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். வெள்ளைக்காரப் பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். தயாளன் மெதுவாக, "நான் திண்டிவனங்க. சும்மா வந்தேன்" என்றார். சும்மா வந்தேன். யாராவது பாண்டிச்சேரியில் இந்த மாதிரி இடத்துக்குச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு சும்மா வருவார்களா? வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஆள் மோசமில்லை. அதை விசாரிக்காமல் விடவில்லை. இணையத்தில் ஒரு மறுமணப் பக்கத்தில் அம்மா பேரைப் போட்டவள் அவள்தான், அம்மாவின் போட்டோவை வெட்டி, சித்தி கல்யாணத்தில் எடுத்தது, கையில் சந்தனக் கிண்ணத்தோடு. வந்த ஆட்களில் பாதிப் பேர் கிழங்கள், மீதிப் பேர் எடுத்த எடுப்பில் சமைப்பாங்களா என்று கேட்டவர்கள். இவர் ஒருத்தர்தான், நான் அவங்க பொண்ணு என்று அவள் உண்மையைச் சொன்ன பிறகும் ஓடவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டார். தெரியாது. "அப்ப எப்படி?" எப்படியாவது. தோழியின் அண்ணனை விட்டு ஒரு பழுதான மோட்டாரை அவர் கடைக்குக் கொண்டு போகச் சொன்னாள். அவன் வந்து, "ஆளு டீ வாங்கிக் குடுத்தாரு, கடைப் பையனைத் திட்டல, மோட்டாரும் ஓடுது" என்று சான்றிதழ் கொடுத்தான். இதற்குமேல் என்ன பார்ப்பது? ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. டீ வாங்கிக் கொடுக்கிற ஆள் எல்லாம் நல்லவனா? அப்பாகூட ஊருக்கே டீ வாங்கிக் கொடுப்பார். குடிக்கிறவராக இருந்தால்? கடன்காரராக இருந்தால்? அம்மாவை ஒரு நாள் ஓங்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்றைக்குத் தான் கோயம்புத்தூரில், ஜவுளிப் படிப்புக்குச் சீட் கிடைத்த காலேஜ் ஹாஸ்டலில் உட்கார்ந்து நூல் ரகம் படித்துக்கொண்டிருப்பாள். கோயம்புத்தூர். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் சேலை மாட்டுவது மாதிரி மாட்டிக்கொள்கிறது. அம்மாவுக்காகத்தானே இதெல்லாம்? ஆமாம். அம்மா தனியாக இருக்கக் கூடாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யார் கதவைத் தட்டுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரி இவர்கள் வீட்டு டிவி சத்தத்துக்கு மட்டும்தான் கதவைத் தட்டுவாள். அதனால் ஒரு துணை. சரி. ஆனால் சீட் கிடைத்த அன்றைக்குத்தானே அம்மா தனியாகிவிடுவாள் என்பது ஞாபகம் வந்தது? சீட் கிடைக்காமல் இருந்தால் அம்மாவுக்குத் துணை தேவைப்பட்டிருக்குமா? தான் போவதற்காக அம்மா இடுப்பில் ஒரு ஆளைக் கட்டிவிட்டுப் போகிறாளா? ச்சீ. அப்படி இல்லை. கொஞ்சம் அப்படித்தான்.

மதாம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ரொட்டியைக் கையால் பிய்த்து அடுத்தவருக்குத் தள்ள வேண்டும், அடுத்து சோறும் சங்கரா மீன் குழம்பும், பாத்திரம் கை மாறிக் கை மாறி வந்தது. அந்தக் கோடியில் அம்மா மீனை எடுத்து முள் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா மீன் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற கை, அதற்கு அவசரம் தெரியாது. அம்மா தலையை நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தயாளனைத்தான். அவர் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார், ரொட்டிக் கூடையை வாங்க நீட்டிய கை அப்படியே மேசைமேல் கிடந்தது, அம்மா கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை. பார்க்கிறாள். அம்மா ஒரு ஆம்பளையைப் பார்க்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான், இதற்குத்தானே இவ்வளவும், ஆனால் இப்படிப் பார்க்காதே என்று கத்த வேண்டும்போல இருந்தது, அவர் யாரோ, நான்தான் உன் பொண்ணு, என்னைப் பார். தயாளன் நெற்றி வேர்த்துவிட்டது. அம்மா வாயைத் திறந்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு நரம்பு ரொம்ப நல்லாத் தெரியுது. உங்களை மாதிரி ஆளு வந்தா எங்களுக்கு ஒரே குத்துல வேலை முடிஞ்சிடும்." மேசை முழுக்கச் சிரித்தது. கோயம்புத்தூர் அம்மாளுக்குப் புரையேறிவிட்டது. தயாளன் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நீட்டவும் முடியாமல், "சுகர் டெஸ்டுக்கு ஒருக்கா வரேங்க" என்றார். "வாங்க வாங்க, வெறும் வயித்துல வரணும்" என்றாள் அம்மா. இவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அது ஒரு பேச்சு. வரேன் என்றார், வாங்க என்றாள். நிறைமதி அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் போகும்போது, அந்தத் திண்டிவனத்துக்காரர் நல்ல மாதிரி இல்ல? என்று கேட்கலாம். சாதாரணமாகக் கேட்க வேண்டும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். அம்மா ஆமாம் என்று சொன்னால் அடுத்தது. இல்லை என்று சொன்னால்? எதுக்குடி கேக்கற என்று சொன்னால்?

தயாளன் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தார். "நான் பேசினது சரிதானே பாப்பா?" உதடு அசையாமல் கேட்டார். நாற்பத்தைந்து வயது ஆள், அவளிடம் பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி. பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. "சுகர்னு எதுக்குச் சொன்னீங்க? வியாதிக்காரர்னு நினைப்பாங்க." "இல்லம்மா, எனக்கு சுகர் இல்ல. வாயில வந்துடுச்சு." "சரி, விடுங்க. அங்க பாக்காதீங்க." அவர் உடனே தட்டைப் பார்த்தார். சொன்னால் கேட்கிற ஆள். அம்மாவுக்குச் சொன்னால் கேட்கிற ஆள் பிடிக்குமா? அம்மாவுக்கு என்ன பிடிக்கும்? இது அவளுக்குத் தெரியாது. திடீரென்று அது தெரிந்தது, தனக்குத் தெரியாது என்பது. அம்மாவுக்கு மீனில் எந்தத் துண்டு பிடிக்கும், எந்தச் சீரியல் பிடிக்கும், காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, இதெல்லாம் தெரியும். ஆள் தெரியாது. பத்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.

அந்தக் கோடியில் பேசிக்கொண்டது காதில் விழுந்து, அப்போதுதான் கோயம்புத்தூர் அம்மாள் அம்மாவைப் பார்த்து ஆரம்பித்தாள். "பொண்ணு எங்கூருக்குத்தான் படிக்க வருதாமா? அட, சொல்லவே இல்ல! ஒண்ணும் கவலைப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை ஆனா எங்கூட்டுக்கு வரட்டும். அது சரி, ஒத்தப் புள்ளைய அனுப்பிச்சுப்போட்டு நீங்க தனியா என்னங்க பண்ணுவீங்க?" இதை நிறைமதியே கேட்க நினைத்திருந்தாள், யாராவது கேட்க மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தாள். அம்மா ஒரு பெருமூச்சு விடுவாள், என்னங்க பண்றது, பழகிக்க வேண்டியதுதான் என்பாள், குரல் கொஞ்சம் இறங்கும், அதை இவர் கேட்பார், இவருக்கும் வீட்டில் பேச ஆள் இல்லை, அங்கே ஒரு நூல் பிடித்துக்கொள்ளும். தயாளனும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அம்மா ஒரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். "நானா? நான் அந்த நாளுக்குத்தாங்க காத்துக்கிட்டிருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. "நெசமாத்தான் சொல்றேன். பத்தொம்பது வயசுல கட்டிக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அப்பா, அண்ணன். அப்புறம் இவங்க அப்பா. அப்புறம் இவ. ஒரு வீட்டுல நான் மட்டும் இருந்ததே கெடையாதுங்க. ஒரு நாள்கூட. வேலை முடிஞ்சு வந்து, கதவச் சாத்திட்டு, பசிச்சா சாப்பிட்டு, பசிக்கலன்னா விட்டுட்டு. யார் மூஞ்சியையும் பாத்து, என்ன கோவமோன்னு நினைக்க வேணாம். இந்த வீடு மாதிரி வச்சுக்கப் போறேன், பாருங்க. சொவத்துல இருக்கறதெல்லாம் கழட்டிட்டு." மதாம், "பிராவோ!" என்று மேசையைத் தட்டினாள். கோயம்புத்தூர்க்காரர், "வேற கல்யாணம் கில்யாணம்னு…" என்று இழுத்தார், அவர் பெண்டாட்டி இங்கிருந்தே முறைத்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டே, "அய்யோ சாமி, ஆளை விடுங்க" என்றாள்.

ஆளை விடுங்க. அவ்வளவுதான். பெண் கேட்டு, பதில் சொல்லி, எல்லாம் முடிந்துவிட்டது, யாரும் கேட்கவும் இல்லை. நிறைமதி பக்கத்துக் கையைப் பார்த்தாள். அது சோற்றை ஒரு உருண்டை பிடித்தது, பிடித்து அப்படியே வைத்துவிட்டது. என்ன ஆளைக் கூட்டி வந்திருக்கிறாள்! கடையை அடைத்துவிட்டு வந்திருப்பார். காலையில் கண்ணாடிமுன் நின்றிருப்பார். எழுந்து போய்விட்டால் நன்றாக இருக்கும், அவருக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. ஆனால் இங்கே எழுந்திருக்க முடியாது. சோற்றுப் பாத்திரம் வரும்போதே மதாம் சொல்லிவிட்டாள், புருஷன் பொண்டாட்டியைப் பிரிக்கிறது அப்பா வழி என்றால் இது அவள் அம்மா வழியாம், பந்தியில் நடுவில் எழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மரியாதை இல்லையாம், கடைசி ஆள் கை கழுவ எழுந்தால்தான் எல்லோரும். அப்போது நிறைமதிக்கு நிம்மதியாக இருந்தது, நேரம் கிடைக்கும் என்று. இப்போது எல்லோரும் முடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரப் பையன் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டான். மதாம் அம்மாவிடம் போய், "இன்னொரு துண்டு வைக்கட்டா?" என்று கேட்டாள். வேணாம்னு சொல்லும்மா, வேணாம்னு சொல்லு. "இருந்தா வைங்க, தலைப் பக்கமா" என்றாள் அம்மா. மறுபடியும் முள். ஒவ்வொன்றாக, வரிசையாக. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை. வீட்டில் அம்மா இப்படிச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. வீட்டில் அம்மா எழுந்துகொண்டே இருப்பாள், இவளுக்கு அப்பளம், இவளுக்கு மோர், இவளுக்கு ஊறுகாய். தயாளனின் விரல்களில் குழம்பு காய்ந்து வெளுத்துவிட்டது. அவர் அதைத் தேய்க்கக்கூட இல்லை, மேசைமேல் வைத்தபடி வைத்திருந்தார். அம்மாதான் கவனித்தாள். "அடடா, சாருக்குக் கை காயுது. என்னாலதான். நீங்க எழுந்துக்கங்க சார், பரவால்ல, மதாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." நிறைமதி, போங்க போங்க என்று மனசுக்குள் தள்ளினாள். அவர் முதல்முறையாக அம்மாவை நேராகப் பார்த்தார். "இல்லங்க" என்றார். "நீங்க மெதுவாச் சாப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அம்மா, "ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த முள்ளுக்குப் போனாள், அவருக்கு எதற்கு நன்றி சொன்னோம் என்பது அவளுக்கு எப்போதும் தெரியப் போவதில்லை.

தெரிய வேண்டாம். அவமானம் யாருக்கும் இல்லை, அவரவர் பாட்டுக்குப் போகலாம், சித்தி காலத்து ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்கிறது. அம்மாவுக்குப் பயம் இல்லை. பாத்ரூம், கதவு, பக்கத்து வீட்டுக்காரி, இந்தப் பயம் எதுவும் அம்மாவுடையது இல்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் இருந்த பயம் யாருடையது? யார் மூஞ்சியையும் பாத்து, என்ன கோவமோன்னு நினைக்க வேணாம் என்றாளே, யார் மூஞ்சி? வீட்டில் இருப்பது ஒரே ஒரு மூஞ்சி. கோபப்படலாமா, அழலாமா, ஒன்றும் ஓடவில்லை. போக முடியாது, அம்மா தனியாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள இவ்வளவு நாள் ஒரு வழி இருந்தது. அம்மாவுக்குத் துணை கிடைத்துவிட்டால் போவேன், கிடைக்காவிட்டால் போக மாட்டேன் என்று எங்கேயோ ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அம்மா அதை முள் எடுக்கிற விரலாலேயே அவிழ்த்துவிட்டாள். இனிமேல் தெரியாத ஊர், தெரியாத ஹாஸ்டல், தெரியாத பெண்கள் எட்டுப் பேர் ஒரு அறையில், கட்டிலில் பக்கத்தில் அம்மா இல்லை, போகக் கூடாது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. "ஹாஸ்டல்ல எப்பக் கண்ணு சேரணும்?" என்று கேட்டாள் கோயம்புத்தூர் அம்மாள். நிறைமதி தட்டைப் பார்த்துக்கொண்டு, "தெரியலங்க, இன்னும் சொல்லல" என்றாள்.

"சொல்லிட்டாங்களே" என்றாள் அம்மா அந்தக் கோடியிலிருந்து, வாயில் சோற்றோடு, தலையைக்கூட நிமிர்த்தாமல். "வர்ற திங்க விட்டு அடுத்த திங்க. நான் அன்னைக்கு லீவு போட்டுட்டேன்."